சேதப் பிரதிபலிப்பு எப்படிக் கணக்கிடப்படுகிறது: கண்டறியும் வழிகளில் எதைத் தேர்வது?

"வாங்கும் சேதத்தில் 25% தாக்கியவருக்கே திரும்பும்" என்ற வரியுடன் ஓர் ஆன்லைன் கேமில் ஒரு கவசப் பொருள் விற்பனைக்கு இருக்கிறது. அதே விலையில் உயிர்ப்புள்ளியை (தீர்ந்துபோனால் நாம் விழும் எண்ணை) நேரடியாகக் கூட்டித் தரும் இன்னொரு பொருளும் இருக்கிறது. இரண்டில் எதை வாங்குவது என்று முடிவு செய்ய, அந்த 25% எந்த எண்ணின் மீது கணக்கிடப்படுகிறது என்பது தெரிந்தாக வேண்டும். எதிராளி அடித்த மூலச் சேதத்தின் மீதா, நம் கவசம் குறைத்த பின் எஞ்சியதன் மீதா, அல்லது ஷீல்டு (உயிர்ப்புள்ளிக்கு முன் சேதத்தைத் தாங்கும் அரண்) தாங்கியது போக உண்மையில் இறங்கிய உயிர்ப்புள்ளியின் மீதா என்பதைப் பொறுத்து, ஒரே 25% திருப்பித் தரும் சேதம் இரண்டு மடங்காகவும் ஆகலாம், எட்டில் ஒரு பங்காகவும் சுருங்கலாம்.

இதைக் கண்டறிய நடைமுறையில் நான்கு வழிகள் உள்ளன. பொருளின் விளக்க வரிகளையும் பேட்ச் குறிப்புகளையும் (கேமின் புதுப்பிப்புகளில் என்ன மாறியது என்று சொல்பவை) படிப்பது ஒன்று. கேமின் கோப்புகளிலிருந்து எண்களைத் தோண்டி எடுப்பது இன்னொன்று. நிஜப் போர்களின் காம்பாட் லாகை, அதாவது ஒவ்வோர் அடியின் எண்ணையும் கேம் குறித்து வைக்கும் பதிவை, சேர்த்து வைத்து விகிதம் பார்ப்பது மூன்றாவது. ஒரு நண்பரை எதிரே நிறுத்தி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி அடித்துப் பார்ப்பது நான்காவது. பெரும்பாலானோர் முதல் வழியில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். என் கணிப்பில் நான்காவது வழியில்தான் தொடங்க வேண்டும், அதிலும் தற்காப்பவரின் கவசத்தை மட்டும் மாற்றிப் பார்க்கும் சோதனையை முதலில் வைக்க வேண்டும். வாய்ப்பு அடிப்படையில் இயங்கும் பிரதிபலிப்பாக இருந்தால் மட்டும் லாக் முன்னுக்கு வரும்.

எத்தனை வகைக் கணக்குகள் புழக்கத்தில் உள்ளன

வழிகளை ஒப்பிடும் முன், தேடும் பொருள் எத்தனை வடிவங்களில் இருக்கக்கூடும் என்பதைப் பார்த்துவிடுவது நல்லது, ஏனெனில் மனத்தில் இல்லாத ஒரு வடிவத்தை எந்தச் சோதனையும் தானாகக் காட்டிக்கொடுக்காது.

டோட்டா 2-இல் உள்ள பிளேட் மெயில் என்ற பொருள், கவசம் குறைப்பதற்கு முந்தைய எண்ணை எடுத்துக்கொண்டு, வந்த அதே வகைச் சேதமாகவே திருப்பி அனுப்புகிறது. தாக்கியவரின் கவசம் அதை அதன் பிறகு குறைக்கிறது. போகிமான் வரிசையில் உள்ள கவுண்டர் என்ற நகர்வு இதற்கு நேர் எதிரானது. அது அந்தச் சுற்றில் உண்மையில் இழந்த உயிர்ப்புள்ளியை இரட்டித்துத் தருகிறது. பௌதிகத் தாக்குதலுக்கு மட்டுமே இயங்குகிறது, சிறப்புத் தாக்குதலுக்கு மிரர் கோட் என்ற தனி நகர்வு வைக்கப்பட்டிருக்கிறது. அதே வரிசையில் ராக்கி ஹெல்மெட் என்ற பொருள் வாங்கிய அடியைக் கண்டுகொள்வதே இல்லை. தொட்டுத் தாக்கியவரின் மொத்த உயிர்ப்புள்ளியில் 6-இல் 1 பங்கைக் கழிக்கிறது. ரஃப் ஸ்கின் என்ற இயல்பு 8-இல் 1 பங்கைக் கழிக்கிறது. இரண்டும் ஒருவரிடமே இருந்தால் ஒரு தொடுதலுக்கு 24-இல் 7 பங்கு போகிறது. அடி எவ்வளவு மெலிதாக இருந்தாலும் இந்தத் தொகை மாறாது என்பதால், ஒரே நகர்வில் ஐந்து முறை தொட்டு அடிக்கும் தாக்குதல்காரர் ஹெல்மெட்டால் மட்டுமே 6-இல் 5 பங்கை இழப்பார்.

லீக் ஆஃப் லெஜண்ட்ஸின் தார்ன்மெயில் என்ற பொருள் முன்பு, வந்த அடியின் ஒரு சதவீதத்தைத் திருப்பியது. பின்னர் அது, ஒரு நிலையான எண்ணுடன் அணிந்தவரின் கூடுதல் கவசத்தில் ஒரு பங்கைச் சேர்த்துத் தரும் பொருளாக மாற்றி அமைக்கப்பட்டது. வரும் அடி பௌதிகமானது, திரும்பும் சேதமோ மாயச் சேதம். எனவே தாக்கியவர் கவசத்தை எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை, மாயத் தடுப்புதான் அதைக் குறைக்கும். மைன்கிராஃப்டின் தார்ன்ஸ் மந்திரம் இன்னொரு குடும்பம்: ஜாவா பதிப்பில் ஒவ்வொரு நிலைக்கும் 15% வாய்ப்பு, எனவே மூன்றாம் நிலையில் 45%, வாய்ப்பு பலித்தால் ஒரு சிறு வரம்புக்குள் ஏதோ ஒரு அளவு சேதம்.

எந்த அடிக்கு இயங்கும் என்பதும் கணக்கின் ஒரு பகுதியே. வார்கிராஃப்ட் 3-இன் தார்ன்ஸ் ஆரா (ஆரா என்பது சுற்றியுள்ள கூட்டாளிகளுக்கும் பரவும் திறன்) அருகிலிருந்து அடிப்பவர்களை மட்டுமே தண்டிக்கும், வில்லாளர்களை விட்டுவிடும். ராக்னராக் ஆன்லைனில் குருசேடரின் ரிஃப்ளெக்ட் ஷீல்டும் அருகிலிருந்து வரும் பௌதிக அடிக்கு மட்டுமே; அதன் அளவு முதல் நிலையில் 13%, பத்தாம் நிலையில் 40%. பாத் ஆஃப் எக்ஸைலில் வரைபட அரக்கர்களின் பௌதிகப் பிரதிபலிப்பும் மூலகப் பிரதிபலிப்பும் வெவ்வேறு விதிகளாகவே வைக்கப்பட்டன.

விளக்க வரிகள் எவ்வளவு தூரம் உதவும்

செலவே இல்லாத வழி என்பதால் இதைப் படிக்காமல் விடக் காரணமில்லை. எந்த வகை அடிக்கு இயங்கும், திரும்புவது என்ன வகைச் சேதம், வாய்ப்பு உண்டா என்ற மூன்று கேள்விகளுக்குப் பெரும்பாலும் விளக்க வரியிலேயே நம்பத்தக்க பதில் கிடைத்துவிடும். ஆனால் சதவீதத்தின் அடிப்படை எது என்ற நான்காவது கேள்விக்கு அது பதில் சொல்வது அரிது. சொன்னாலும் "வாங்கும் சேதம்" போன்ற, இரண்டு பக்கமும் பொருள்படும் சொற்றொடராகவே அது இருக்கும்.

அதைவிட, சதவீத எண் என்பது தனியே நின்று எதையும் சொல்வதில்லை. டையாப்லோ 2-இல் பாலடினின் தார்ன்ஸ் ஆரா முதல் நிலையிலேயே வாங்கிய சேதத்தில் 250% திருப்புகிறது. படிக்கும்போது பயங்கரமாகத் தெரியும் இந்த ஆரா கடினமான நிலைகளில் பெரிதாக எதையும் சாய்ப்பதில்லை, ஏனெனில் அரக்கர்களின் ஒவ்வோர் அடியும் அவர்களுடைய உயிர்ப்புள்ளியோடு ஒப்பிடும்போது மிகச் சிறியது. அதே கேமில் நெக்ரோமான்சரின் அயர்ன் மெய்டன் சாபம் முதல் நிலையில் 200% மட்டுமே. ஆனால் அந்தச் சாபத்தை ஆப்லிவியன் நைட் என்ற எதிரி விளையாடுபவர் மீது ஏவியபோது, அருகிலிருந்து அடிக்கும் வீரர் தன் ஒரே வீச்சில் தானே விழுந்தார். விளையாடுபவரின் அடி அவருடைய சொந்த உயிர்ப்புள்ளியைவிடப் பல மடங்கு பெரிது என்பதே காரணம். 2010-இல் வந்த 1.13 பேட்சில் அந்தச் சாபம் அந்த எதிரியிடமிருந்து நீக்கப்பட்டது. குறைந்த சதவீதம் கொன்றது, கூடிய சதவீதம் கிள்ளியது: விளக்க வரியை மட்டும் வைத்துப் பொருள் வாங்குவதில் உள்ள ஆபத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

பேட்ச் குறிப்புகள் விளக்க வரியைவிட ஒரு படி மேல். மாற்றம் எப்போது நடந்தது என்பதையாவது அவை சொல்கின்றன. தார்ன்மெயில் போல அடிப்படையே மாறிய பொருள்களைப் பற்றிய பழைய கணக்குகள் இணையத்தில் அழியாமல் கிடப்பதால், எந்தப் பதிப்புக்கு உரியது என்று குறிக்கப்படாத எந்தச் சூத்திரத்தையும் சோதிக்காமல் ஏற்கக் கூடாது.

கோப்புகளைத் தோண்டுவது

இதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கோப்புகளில் 0.25 என்ற குணகம் கிடைக்கும். ஆனால் அது எந்தப் படியில் பெருக்கப்படுகிறது என்பது பெரும்பாலான ஆன்லைன் கேம்களில் சர்வரில் இயங்கும் நிரலில் இருக்கிறது, நம் கணினியில் இல்லை. ரசிகர்கள் எழுதிய சர்வர் நிரல்களைப் பார்த்துச் சூத்திரம் எடுப்பவர்களும் உண்டு. அந்த நிரல்களும் வெளியிலிருந்து கவனித்து மறு உருவாக்கம் செய்யப்பட்டவையே என்பதால், அவற்றை ஆதாரமாகக் காட்டுவது ஒருவருடைய சோதனை முடிவை இன்னொருவர் கைமாற்றிச் சொல்வதுதான். பல கேம்களின் பயன்பாட்டு விதிகள் கோப்புகளில் கை வைப்பதைத் தடை செய்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நம் கேம் அக்கவுண்டே தடை செய்யப்படும் அபாயத்துக்கு ஈடான பலன் இந்த வழியில் இல்லை.

காம்பாட் லாக்

லாகின் பலம் அளவு. ஒரே மாலையில் நூற்றுக்கணக்கான அடிகள் பதிவாகிவிடும், அதற்காகத் தனியே எதுவும் செய்ய வேண்டியதில்லை. வாய்ப்பு அடிப்படையிலான பிரதிபலிப்புக்கு இது இன்றியமையாதது. மைன்கிராஃப்ட் தார்ன்ஸ் போன்ற ஒன்று 45% வாய்ப்பில் இயங்குகிறதா 30% வாய்ப்பில் இயங்குகிறதா என்று தெரியாத நிலையில், 20 அடிகளை மட்டும் எண்ணினால் கிடைக்கும் விகிதம் 11 சதவீதப் புள்ளி அளவுக்கு மேலும் கீழும் இயல்பாகவே ஊசலாடும். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 100 அடிகளுக்கு அந்த ஊசலாட்டம் 5 புள்ளிகளாகக் குறைகிறது, இரண்டு கருதுகோள்களும் தெளிவாகப் பிரிந்துவிடும். நண்பரோடு செய்யும் சோதனையில் 100 அடிகள் என்பது நட்பையே சோதிக்கும் எண்ணிக்கை.

ஆனால் லாகுக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. பெரும்பாலான லாகுகள் கவசம் குறைத்த பின் வந்த எண்ணை மட்டுமே காட்டுகின்றன, மூலச் சேதத்தைக் காட்டுவதில்லை. இதை வைத்து விகிதம் போடுபவருக்கு விசித்திரமான விடைகள் வரும். மூலச் சேதத்தின் மீது 25% கணக்கிட்டு, தாக்கியவரின் கவசத்தைப் பொருட்படுத்தாமல் திருப்பும் ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் உள்ளதுபோலச் சேதம் 100 ÷ (100 + கவசம்) என்ற பெருக்கியால் குறையும் கேமில், அணிந்தவரின் கவசம் 100 என்றால், 400 மூலச் சேதம் லாகில் 200 என்று பதிவாகும், திரும்பிய சேதமோ 100 என்று பதிவாகும். விகிதம் 50%. "25% என்று எழுதிவிட்டு 50% தருகிறார்கள், இது பிழை" என்ற புகார்களில் பாதி இங்கிருந்துதான் பிறக்கின்றன என்பது என் ஊகம்.

அதே விசித்திரத்தை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். மேற்சொன்ன பொருளை 50 கவசம் உள்ளவர் அணிந்தால் லாகில் தெரியும் விகிதம் 37.5%, 150 கவசம் உள்ளவர் அணிந்தால் 62.5%. ஆகவே, அணிந்தவரின் கவசம் மாற மாற லாக் விகிதமும் மாறுகிறது என்றால் அடிப்படை மூலச் சேதம். யார் அணிந்தாலும் விகிதம் அதே 25% என்றால் அடிப்படை குறைத்த பின் எஞ்சிய சேதம். கருத்தளவில் இது போதும். நடைமுறையிலோ கிரிட்டிக்கல் அடிகள் (வழக்கத்தைவிடப் பலமாக விழுபவை), நடுவில் வந்து போகும் பஃப்கள் (தற்காலிகப் பலங்கள்), இரண்டு வகைச் சேதம் கலந்த தாக்குதல்கள், ஒரே கணத்தில் இரு எதிரிகள் அடித்தது என எல்லாம் குழம்பிக் கிடக்கும் லாகிலிருந்து இந்த ஒரு விகிதத்தைச் சுத்தமாகப் பிரித்தெடுப்பது சோதனை செய்வதைவிட அதிக வேலை.

இருவர் சோதனை

டோட்டா 2-இல் ஒரு ஹீரோவைச் சோதித்துப் பார்க்கும் டெமோ வசதி இருக்கிறது. எதிரி ஹீரோவையும் அதில் வரவழைத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட வசதி இல்லாத கேம்களில் ஒரு நண்பரும் ஒரு தனி அறையும் போதும். வெறும் பயிற்சிப் பொம்மையால் பயனில்லை, பொம்மைக்குப் பிரதிபலிப்புப் பொருளை அணிவிக்க முடியாது.

சோதனையின் எண்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முன்பு சொன்ன அதே சூத்திரம், அதே 400 மூலச் சேதம், அதே 25%. அணிந்தவரின் கவசம் 100, தாக்கியவரின் கவசம் 60 என்று வைப்போம். மூலச் சேதத்தின் மீது கணக்கிட்டு, தாக்கியவரின் கவசம் குறைக்காமல் விட்டால் திரும்புவது 100. மூலச் சேதத்தின் மீது கணக்கிட்டு, தாக்கியவரின் கவசமும் குறைத்தால் 62.5. எஞ்சிய சேதத்தின் மீது கணக்கிட்டு, குறைக்காமல் விட்டால் 50. எஞ்சிய சேதத்தின் மீது கணக்கிட்டு, தாக்கியவரின் கவசமும் குறைத்தால் 31.25. நான்கு கருதுகோள்கள், நான்கு வெவ்வேறு எண்கள். ஒரே அடியில் தீர்ப்பு.

இப்போது தாக்கியவரின் கவசமும் 100 என்று மாற்றிப் பாருங்கள். இரண்டாவது கருதுகோளின் விடை 62.5-இலிருந்து 50-க்கு இறங்கி, மூன்றாவதோடு ஒட்டிக்கொள்கிறது. மூலச் சேதத்தின் மீது கணக்கிட்டுத் தாக்கியவரின் கவசத்தால் குறைக்கப்படும் பிரதிபலிப்பும், எஞ்சிய சேதத்தின் மீது கணக்கிட்டுக் குறைக்கப்படாமல் போகும் பிரதிபலிப்பும், இருவரின் கவசமும் சமமாக இருக்கும்வரை எந்த அடிக்கும் ஒரே எண்ணைத்தான் தரும். எத்தனை முறை அடித்தாலும், எவ்வளவு பலமாக அடித்தாலும் அவை பிரியாது. நண்பர்கள் இருவர் ஒரே வகுப்பில், ஒரே உபகரணத்தோடு நின்று சோதிப்பது "நியாயமான" சோதனை என்று தோன்றும். இந்தக் கணக்கைப் பொறுத்தவரை அதைவிட மோசமான ஏற்பாடு கிடையாது. 200 வாங்கினேன், 50 திரும்பியது, ஆகவே எஞ்சிய சேதத்தின் 25% என்று எழுதி முடித்துவிடுவார்கள். பிளேட் மெயில் வகைப் பொருளுக்கு அது முற்றிலும் தவறான முடிவு.

இருவரும் கவசமே இல்லாமல் நிற்பதற்கும் ஒரு பயன் உண்டு, ஆனால் வேறொரு பயன். அப்போது நான்கு கருதுகோள்களும் 100 என்றே சொல்லும் என்பதால் அடிப்படை எதுவென்று தெரியாது. ஆனால் சதவீதத்தோடு ஒரு நிலையான எண்ணும் ஒட்டியிருக்கிறதா என்பதை அங்கேதான் எளிதாகப் பார்க்கலாம். 200 அடிக்கு 70 திரும்பி, 600 அடிக்கு 150 திரும்பினால், கூடிய 400 சேதத்துக்குக் கூடிய பிரதிபலிப்பு 80, எனவே சதவீதம் 20. 200-இன் 20% ஆகிய 40 போக மிஞ்சும் 30 நிலையான எண். ஒரே அளவு அடியை மட்டும் வைத்துச் சோதித்தவர் இதை 35% என்று குறித்துக்கொண்டு போயிருப்பார்.

நான் முதலில் வைக்கச் சொன்ன சோதனை இவற்றுக்கு முன்னால் வருவது. தாக்கியவரிடம் எதையும் தொடாமல், அணிந்தவரின் கவசத்தை மட்டும் கூட்டி, திரும்பும் எண் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். அசையாமல் நின்றால் அடிப்படை மூலச் சேதம், அல்லது முழுக்க நிலையான எண், அல்லது ராக்கி ஹெல்மெட் போலத் தாக்கியவரின் உயிர்ப்புள்ளி. குறைந்தால் எஞ்சிய சேதம். கூடினால், தார்ன்மெயில் போல அணிந்தவரின் கவசமே சூத்திரத்துக்குள் இருக்கிறது. சூத்திரமே தெரியாத கேமிலும், திசையை மட்டும் பார்த்துக் குடும்பத்தைக் கண்டுபிடிக்கும் வசதி இந்தச் சோதனைக்கு உண்டு. எஞ்சிய சேதத்தின் சதவீதமும் கவசத்தின் பங்கும் ஒன்றாகக் கலந்த ஒரு பொருளில் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று தின்றுவிடலாம் என்பது மட்டுமே விதிவிலக்கு. கவசத்தை இரண்டு படிகளாகக் கூட்டிப் பார்த்தால் அதுவும் வெளிப்பட்டுவிடும்.

எல்லா உபகரணத்தையும் கழற்றினாலும் கவசம் பூஜ்ஜியம் ஆகாத கேம்களில் பதற வேண்டியதில்லை. 40-இலிருந்து 140-க்குக் கூட்டினால், எஞ்சிய சேதத்தை அடிப்படையாகக் கொண்ட பிரதிபலிப்பு 240-க்கு 140 என்ற விகிதத்தில், அதாவது முன்பிருந்ததில் சுமார் 58 சதவீதமாக இறங்க வேண்டும். அந்த எண் வருகிறதா என்று பார்த்தால் போதும். ஆயுதத்தின் சேதம் 380 முதல் 420 வரை என்று ஊசலாடும்போது, தனித்தனி எண்களை ஒப்பிடாமல், ஒரே அடியில் வாங்கியதையும் திரும்பியதையும் இணையாகக் குறித்து விகிதம் பார்க்க வேண்டும். அல்லது மாறாத சேதம் தரும் ஒரு திறனைப் பயன்படுத்த வேண்டும்.

அதன்பின் தாக்கியவரின் பக்கம். கவசத்தையும் மாயத் தடுப்பையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டினால், திரும்பும் சேதம் எந்த வகை என்பது விளக்க வரி சொல்லாமலே தெரிந்துவிடும். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் எதனாலும் குறைக்கப்படாத சேதம்.

ஷீல்டு இருக்கும்போது கணக்கு இன்னொரு முறை பிரிகிறது. 400 மூலச் சேதம் கவசத்தால் 200 ஆகி, அதில் 150-ஐ ஷீல்டு தாங்கி, உயிர்ப்புள்ளி 50 மட்டும் இறங்கினால், 25% என்பது 100 ஆகலாம், 50 ஆகலாம், 12.5 ஆகலாம். கவுண்டர் வகைக் கணக்கில் கடைசியது. அதே தர்க்கம் சாகும் தறுவாயிலும் வரும்: 30 உயிர்ப்புள்ளி மிச்சமிருப்பவர் 200 சேதம் வாங்கினால் பிரதிபலிப்பு 200-இன் மீதா 30-இன் மீதா, செத்தவரின் பொருள் இயங்குமா என்பதை ஒரு முறை செத்துப் பார்த்துத்தான் அறிய வேண்டும். கவசத்துக்குப் பிறகு இயங்கும் "10% குறைவான சேதம்" போன்ற பஃப்களையும் இதே வரிசையில் சோதிக்கலாம்.

இரண்டு பிரதிபலிப்புப் பொருள்களை ஒருவரே அணிந்தால் 20 சதவீதமும் 30 சதவீதமும் 50 ஆகும் என்பது உறுதியில்லை. பிரதிபலித்த பங்கு வாங்கும் சேதத்திலிருந்து கழிக்கப்படும் கேம்களில் இரண்டாவது பொருள் மிஞ்சிய 80-இன் மீது இயங்கி 24 தரும், மொத்தம் 44. எதிரெதிரே நிற்கும் இருவரும் அணிந்தால் என்ன ஆகும் என்பது கேம் எழுதுபவர்களே கவனமாக அடைத்து வைத்திருக்கும் ஓட்டை. டோட்டா 2-இல் பிரதிபலித்த சேதத்துக்கு ஒரு தனி அடையாளம் இடப்படுகிறது, அந்த அடையாளம் உள்ள சேதத்தைப் பிளேட் மெயில் மீண்டும் பிரதிபலிக்காது. அப்படிச் செய்யாவிட்டால் இருவரிடமும் 100% இருக்கும்போது ஒரே அடி முடிவில்லாமல் போய்வந்துகொண்டிருக்கும். லாகில் மூன்றாவதாக ஓர் எண் வருகிறதா என்று பார்ப்பதே இதற்கான சோதனை.

முழு எண்ணாக்குவதைச் சோதிக்க .5 வரும் எண்ணைத் தேர்வது வழக்கம். அது நல்ல தேர்வல்ல, ஏனெனில் 62.5 என்பது 62 ஆனாலும் 63 ஆனாலும் ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்களுக்குப் பொருந்தும். கவசமில்லாமல் 403 அடித்தால் 25% என்பது 100.75, 100 என்று வந்தால் பின்னத்தை வெட்டுகிறார்கள். பெரிய அடிகளில் இது வெறும் அலங்காரம். ஒவ்வோர் அடியும் 3 சேதம் என்று வேகமாகக் குத்தும் எதிரியிடமோ ஒவ்வொரு 0.75-உம் வெட்டப்பட்டுப் பூஜ்ஜியமாகி, பொருள் இயங்கவே இல்லை என்று தோன்றும்.

இந்த வழிக்கும் ஓர் எல்லை உண்டு. விளையாடுபவர்கள் தமக்குள் மோதும்போது ஒரு பெருக்கியும் அரக்கர்களோடு மோதும்போது வேறொரு பெருக்கியும் வைத்திருக்கும் கேம்கள் இருக்கின்றன. நண்பரை அடித்துக் கிடைத்த எண் அரக்கருக்குப் பொருந்துகிறதா என்று லாகிலிருந்து சில அடிகளை எடுத்துச் சரிபார்ப்பது அவசியம். அடிப்படை எது என்ற கேள்வி ஏற்கெனவே தீர்ந்துவிட்டபடியால், அந்தச் சரிபார்ப்புக்கு அதிக நேரம் ஆகாது.

கணக்கு தெரிந்த பின் வாங்கும் முடிவு

2,000 உயிர்ப்புள்ளியும் 100 கவசமும் உள்ள ஒருவர் விழுவதற்கு 4,000 மூலச் சேதம் தேவை. எஞ்சிய சேதத்தின் 25% என்றால் அவர் விழும்வரை திருப்பித் தருவது 500. கவசத்தை 300 ஆக்கினால் அவரை வீழ்த்த 8,000 தேவைப்படும். திரும்புவது அப்போதும் அதே 500தான். உயிர்ப்புள்ளியில் நான்கில் ஒரு பங்கு என்ற உச்சவரம்பைக் கவசம் தாண்ட விடாது. இடையில் குணப்படுத்தினால் மட்டுமே அது உயரும், 1,000 புள்ளி குணமானால் 250 கூடும். ஆகவே இந்த வகைப் பொருளோடு கவசத்தைக் குவிக்கும் பில்டு (உபகரணத் தேர்வு), பிரதிபலிப்பை நீண்ட நேரத்தில் பரப்பித் தருகிறதே தவிரக் கூட்டித் தருவதில்லை. இதற்கு உயிர்ப்புள்ளியும் குணப்படுத்துபவரும்தான் துணை.

மூலச் சேதத்தின் 25% என்றால் நிலைமை தலைகீழ். 100 கவசத்தில் 1,000 திரும்பும், 300 கவசத்தில் 2,000. இங்கே கவசம் ஒவ்வொன்றும் இரண்டு முறை வேலை செய்கிறது, பிரதிபலிப்பை வாங்குவதானால் கவசத்தை முதலில் வாங்கிவிட்டு வாங்குவது லாபம். தாக்கியவரின் கவசம் அதைக் குறைக்கும் கேமாக இருந்தால், மெல்லிய கவசத்தோடு வரும் வில்லாளர்களிடம் அது முழுதாகப் பாயும், முன்வரிசை வீரர்களிடம் பாதியாகும்.

நிலையான 30 என்றால் எதிரியின் வேகம்தான் விலையைத் தீர்மானிக்கிறது. 100 கவசத்தோடு நிற்பவரை 400 வீதம் அடிப்பவர் 10 அடிகளில் வீழ்த்தி 300 வாங்கிக்கொள்வார். 100 வீதம் வேகமாக அடிப்பவருக்கு 40 அடிகள் தேவை, அவர் வாங்குவது 1,200. எதிரணியில் யார் வேகமாகக் குத்துபவர் என்று பார்க்காமல் இந்த வகையை வாங்குவதில் அர்த்தமில்லை.

பெரிய பாஸ் அரக்கரிடம் முதல் இரண்டு வகைகளையும் கொண்டு போவது வீண் செலவு. 2,00,000 உயிர்ப்புள்ளி உள்ள பாஸிடம் 500 என்பது கால் சதவீதம், 2,000 என்பது ஒரு சதவீதம். அங்கே அதே விலைக்குக் கிடைக்கும் 500 உயிர்ப்புள்ளி, 100 கவசத்தோடு சேர்ந்து 1,000 மூலச் சேதத்தைக் கூடுதலாகத் தாங்கும். குணப்படுத்துபவருக்கு இன்னும் இரண்டு அடிகளுக்கான அவகாசம் கிடைக்கும். பாஸுக்குப் போகும்போது நான் உயிர்ப்புள்ளிப் பொருளையே எடுத்துக்கொள்வேன்.